ரீச்சர் ஓடின கார்

யாழ்ப்பாணத்தில் விற்பனைக்கு நிற்கிற பழைய கார்களை எல்லாம் ஒரு காலத்தில் ரீச்சர்மார்தான் ஓடியிருக்கிறார்கள். வீடு, பள்ளிக்கூடம், வெள்ளிக்கிழமைகளில் கோயில். இதற்கு வெளியே அந்தக் கார்களின் சில்லு உருண்டதே இல்லை. ரீச்சர் இல்லாவிட்டால் டொக்டர். டொக்டரும் இல்லாவிட்டால், கனடாவிலிருந்து வந்து நல்லூர்த் திருவிழாவுக்கு மட்டும் காரை வெளியில் எடுக்கிற ஒருவர். அப்படியானால் பருத்தித்துறை வீதியில் மதிலோடு மோதின கார்கள் ஆருடையவை? அவை இப்போது எங்கே நிற்கின்றன? புரோக்கர்மாரிடம் கேட்டால், "அண்ணை பகிடி விடுறியள்" என்கிறார்கள்.

புத்தூரில் 750 பஸ்ஸுக்குக் காத்து நின்றே தலை நரைத்த குடும்பஸ்தனுக்கு, பென்சன் எடுக்க முன்னம் ஒரு கார் வேண்டுமென்ற ஆசை வருவது நியாயம். எனக்குக் கார் பார்க்கத் தெரியும் என்று நான் நம்புவதுதான் நியாயமில்லை. எனக்குத் தெரிந்த பரிசோதனைகள் மூன்று: பொனற்றைத் தட்டுவது, முன் ரயரைக் காலால் உதைப்பது, கதவைச் சாத்தி அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பது. மூன்றையும் முடித்துவிட்டு "ம்ம்" என்பேன். அந்த "ம்ம்"முக்கு விலையில் ஐயாயிரமாவது குறைய வேண்டும் என்பது என் கணக்கு. புரோக்கர்மாருக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

லண்டனில் இருக்கிற மனைவியின் தம்பிக்கு விசயத்தைச் சொன்னேன். "அத்தான், அந்தக் காரின்ரை எம்.ஓ.ரி. ஹிஸ்ரறியைப் பாத்தியளோ?" என்று கேட்டான். அங்கே மூன்று வயது கடந்த கார் வருசாவருசம் சோதனைக்குப் போகவேண்டும். 1960இல் பத்து வயதுக் கார்களுக்கென்று தொடங்கி, 1967இல் மூன்று வயதுக்கு இறக்கிய ஏற்பாடு. கார் இலக்கத்தைக் கணினியில் தட்டினால் போதும். 2005 தொட்டு எந்த வருசம் பாஸ், எந்த வருசம் பெயில், அன்று எத்தனை மைல் ஓடியிருந்தது, எந்த மூலையில் துரு தொடங்கியது என்று காரின் குடும்ப ரகசியம் முழுக்க இலவசமாக வந்து விழும். ஜப்பானிலும் அப்படித்தான். புதுக்காருக்கு மூன்றாம் வருசம் 'ஷாக்கென்' என்ற சோதனை, பிறகு இரண்டு வருசத்துக்கு ஒருக்கால். அதற்குச் செலவழிக்க மனமில்லாமல் கைவிடப்படுகிற கார்களில் பல கப்பலேறி எங்களைப்போன்ற நாடுகளுக்கு வந்து சேர்கின்றன.

இங்கே? பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள். சொந்தக் காருக்கு வருசாந்த லைசென்ஸ் எடுக்க, இன்சூரன்சும் புகைப் பரிசோதனைப் பத்திரமும் இருந்தால் சரி. 2008இல் தொடங்கின பரிசோதனை அது. பின்குழாயில் கருவியைச் செருகி, காரின் மூச்சு நல்லதென்று எழுதித் தருவார்கள். பிரேக் பிடிக்குமோ என்று அந்தக் கருவி கேட்காது. அதை மதில்தான் கேட்கும்.

அப்பாவின் காலத்தில் இவ்வளவு கடதாசி தேவைப்படவில்லை. சுழி பார்க்காமல் மாடு வாங்காத ஊரில், ஒஸ்ரின் ஏ-40 வாங்குகிறவனும் ஊரைக் கேட்டுத்தான் வாங்கினான். எந்தக் கார் ஆற்றை வளவில் நின்றது, எப்போது எஞ்சின் பிரித்தது என்று தேத்தண்ணிக் கடையில் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1990க்குப் பிறகு பெற்றோலுக்குத் தடை வந்தபோது, அதே ஏ-40கள் கார்பரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடின. 1995 இடப்பெயர்வில் கிழவிகளையும் கோழிகளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போயின. அந்தச் சோதனைக்கு எந்தத் திணைக்களமும் சான்றிதழ் தரவில்லை. ஆனால் ஊருக்குத் தெரியும்.

இப்போது ஊருக்கு ஒன்றும் தெரியாது, விலை மட்டும் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் கார்களுக்குத் திறக்கும்வரை, பழைய கார் வைத்திருந்தவன் அதை ஓடவில்லை, வளர்த்தான். வாங்கின விலையைவிடக் கூட்டி விற்றான். துருவும் பவுண் விலைக்குப் போன காலம் அது.

அந்த விலைக்குத்தான் எனக்கும் ஒரு 1998ஆம் ஆண்டுக் கொரோலா 110 வந்தது. ரீச்சர் ஓடினது, சந்தேகமே இல்லை. புரோக்கர் ஒரு ஜப்பான் ஏலத் தாளின் மங்கின கொப்பியை நீட்டினார். காரின் படம் போட்டு, 'ஏ' என்றால் கீறல், 'யூ' என்றால் நெளிவு, 'எஸ்' என்றால் துரு என்று குறித்திருக்கும் தாள். தரம் நாலரை. நான் தலையாட்டினேன். அது கார் ஏலத்தில் நின்ற அன்றைய சேதி. வல்லை வெளி உப்புக்காற்று அந்தத் தாளில் பதியாது.

மெக்கானிக் தம்பி ஒன்றும் பேசாமல் போன் வெளிச்சத்தோடு காருக்குள் குனிந்தான். மீற்றர் அறுபத்திரண்டாயிரம் கிலோமீற்றர் காட்டியது. பிரேக் பெடலின் றப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. சீற் பெல்ற்றின் அடியில் உள்ள லேபிளில் சாரதிப் பக்கம் ஒரு வருசம், மற்றப் பக்கம் வேறு வருசம். பொனற் போல்ற்றுகளில் சாவி போட்டுத் திருகின காயம். "அண்ணை, முன்பக்கம் ஒருக்கால் கழண்டிருக்கு" என்றான். நான் "ம்ம்" என்றேன்.

மனைவி அதற்குள் டிக்கியைத் திறந்து காப்பெற்றைத் தூக்கிவிட்டா. "இஞ்சாருங்கோ, இதை வந்து பாருங்கோ." அடித்தகடு துருவில் பொரிந்து கிடந்தது. மூலையில் செம்மண், அதற்கு மேல் ஒரு பிடி சின்ன வெங்காயச் சருகு. பின் ஸ்பிறிங் ஏன் குந்தியிருக்கிறது என்று அப்போது விளங்கியது. "ரீச்சர் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனவவோ, சுன்னாகச் சந்தைக்கோ?" என்று மனைவி கேட்க, புரோக்கருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது.

கார் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின், சேசிஸ் இலக்கங்களைக் காரில் உள்ளவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். லீசிங் கொம்பனியின் பெயர் அதில் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். ரயரின் பக்கத்தில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள். முதல் இரண்டும் வாரம், மற்ற இரண்டும் வருசம். 'ஓப்பின் பேப்பர்' என்று கையெழுத்து மட்டும் போட்டுத் தந்தால் வாங்காதீர்கள். மெக்கானிக்கை நீங்களே கூட்டிப் போங்கள், கூலியையும் நீங்களே கொடுங்கள். அட்வான்ஸ் எல்லாவற்றுக்கும் பிறகு. வீட்டுக்காரியையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். பொனற்றைத் தட்டுகிறவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் ஒரு நட்டமும் வராது.