தராசுக்கு யார் முத்திரை குத்துவது?

அனுப்புநர்: ஒரு தக்காளி மண்டிக்காரன், பேரிகை, கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்: சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம், புது டெல்லி.

பொருள்: என் தராசுக்கு நானே முத்திரை குத்திக்கொள்ள அனுமதி வேண்டுதல்.

ஐயா,

ஓசூருக்கு விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்த நாளிலிருந்து எங்கள் பக்கம் அதே பேச்சுதான். டீக்கடையில் தமிழில் தொடங்கி, தெலுங்கில் நிலத்துக்கு விலை பேசி, கன்னடத்தில் சண்டையாக முடிகிறது. ராகிக் கொல்லைக்கு மேலே பறப்பது விழுந்தால் யார் வந்து விசாரிப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். தெரிந்ததும் உங்கள் மேல் பொறாமையே வந்துவிட்டது.

என் பிழைப்பைச் சொல்கிறேன். விடிவதற்குள் மண்டிக்குக் கிரேட் கிரேட்டாகத் தக்காளி இறங்கும். தராசில் ஏற்றும்போது விவசாயியின் கண் தக்காளி மேல் இருக்காது. தராசில் குத்தியிருக்கிற முத்திரை மேல்தான் இருக்கும். எந்த வருஷத்து முத்திரை என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் கிரேட்டிலிருந்து கையை எடுப்பார். அது தொழிலாளர் துறை ஆய்வாளர் குத்துவது. “மண்டி என்னுது, தராசு என்னுது, நானே குத்திக்கிறேனே சார்” என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, அபராதம் எவ்வளவு என்று சொன்னார்.

உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 21 பேர் இறந்தார்கள். அன்றைக்கு விமான நிறுவனம் உங்களுடையது. நிலையமும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் உங்கள் விமான நிலைய ஆணையத்துடையவை. உரிமம் தரும் டிஜிசிஏ உங்களுடையது. விசாரித்த விமான விபத்து விசாரணைப் பிரிவும், 2012இல் பிறந்தது முதல், உங்கள் வீட்டுப் பிள்ளைதான். அமைப்பின் ஓட்டைகளையும் துணைக் காரணமாக அறிக்கை எழுதியது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் காரணமாக நின்றவர் விமானி. அவரும் அந்த விபத்திலேயே போய்விட்டார். செத்தவருக்கென்று தனி அமைச்சகம் கிடையாது, பாருங்கள்.

2025 ஜூன் 12, அகமதாபாத். ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 உயிர்கள். ஒரு மாதத்தில் முதற்கட்ட அறிக்கை வந்தது. எரிபொருளை ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்கிறார். நான் நிறுத்தவில்லை என்கிறார் மற்றவர். கேட்டது யார், சொன்னது யார் என்று அதில் இல்லை. ஏர் இந்தியா இப்போது டாடாவிடம். கட்டுப்பாட்டுக் கோபுரமும் டிஜிசிஏவும் விசாரணைப் பிரிவும் இருந்த இடத்திலேயே.

இதில் வேடிக்கை ஒன்று. ரயில் விபத்தை ரயில்வேயே விசாரிக்கக் கூடாது என்று 1941இல் வெள்ளைக்காரனுக்கே தோன்றி, ஆய்வாளர்களை ரயில்வே வாரியத்திலிருந்து பிரித்துவிட்டான். 1967 முதல் அவர்கள் இருப்பது உங்கள் அமைச்சகத்தில்! 2015 பிப்ரவரியில் ஓசூருக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல் அருகே, எர்ணாகுளம் இன்டர்சிட்டி தடம் புரண்டபோது விசாரணைக்கு வந்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர் உங்கள் கணக்கில் இருப்பவர்தான். அடுத்த வீட்டுத் தராசுக்கு முத்திரை குத்த ஆள் வைத்திருக்கிற நீங்கள், உங்கள் தராசை மட்டும் யாரிடமும் காட்டுவதில்லை.

ஒரு யோசனை. பெண் எடுத்த வீட்டுக்கே பெண் கொடுப்பது நம் ஊர் வழக்கம். விமான விசாரணைப் பிரிவை ரயில்வேக்குக் கட்டிக்கொடுத்துவிடுங்கள். சம்பந்தி வீட்டுக் குறையை மூடி மறைத்தவர்கள் இந்த நாட்டில் உண்டா?

கூச்சமாக இருந்தால், எந்த அமைச்சகத்துக்கும் கட்டுப்படாமல் நாடாளுமன்றத்துக்கு நேரே பதில் சொல்லும் தனி வாரியம் போதும். அமெரிக்கா 1967இல் போக்குவரத்துத் துறையோடு ஒட்டித் தொடங்கிய வாரியத்தை 1974இல் சட்டம் போட்டுப் பிரித்துவிட்டது. அவர்களுக்குப் புரிய ஏழு வருஷம் ஆனது. நமக்கு 2012இலிருந்து கணக்கு ஓடுகிறது.

இரண்டும் ஆகாதென்றால், என் அனுமதியையாவது அனுப்பிவையுங்கள். அடுத்த மாதம் ஆய்வாளர் வருகிறார். முன்னுதாரணம் கேட்டால் உங்கள் முகவரியைத்தான் கொடுக்கப்போகிறேன். விவசாயி கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் எழுதுங்கள். அவர் இன்னும் குனிந்து பார்க்கிறார்.

இப்படிக்கு,
தக்காளி மண்டிக்காரன்