சுமை தூக்குனவன் பேரு என்னா?

வா கண்ணு, உக்காரு. இருபது கொண்டை ஊசி வளைவையும் வண்டிதான் ஏறுச்சு, நீ மேல உக்காந்து வந்த. அதுக்கே உனக்கு மூச்சு வாங்குது. காலுல கெடக்கற ஷூ வெலையில எங்க காலத்துல ரெண்டு கறவை மாடு புடிச்சிருக்கலாம். சேறு ஒட்டாம பத்திரமா வெச்சிருக்கற, நல்லது. இப்ப என்னடான்னா, "தாத்தா, சண்டை, காடு, எல்லைப்புற வாழ்க்கைன்னு நல்ல புக்கா சொல்லுங்க"ங்கற. காட்டுக்குள்ள போறதுக்கு இது எவ்வளவோ மேல். அட்டை கடிக்காது.

நக்கல்னு நெனைக்காத. எஸ்டேட்டுல ஆளுங்க வருகைக் கணக்கு, அதான் செக்ரோல், எழுதி முடிச்சுட்டு, மழை விடாத நாள்ல கம்பளிக்குள்ள படுத்துகிட்டே எத்தனையோ புலிய சுட்டவன் நான். ஒண்ணுகூட தப்பல.

புக்கு வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளு. வழி காட்டுனவன் பேரு, சுமை தூக்குனவன் பேரு இதுல இருக்குதா? "நான் ஏறினேன், நான் சுட்டேன்"னு நானூறு பக்கம் ஓடும். கூடாரத்தையும் சட்டியையும் தூக்கிட்டு முன்னாடியே மேல போயி டீ போட்டு வெச்சிருந்தவனுக்கு "ஒரு கூலி"ன்னு ஒத்தைச் சொல் இருக்கும். அந்தப் புக்கைக் கடையிலயே வெச்சுட்டு வா. நம்ம ஏற்காட்டுக்கே காப்பிச் செடி கொண்டாந்தது கலெக்டர் காக்பர்ன்னு சுத்திக் காட்டறவன் எல்லாம் சொல்றான். 1820கள்ல, இந்த ரோடே இல்லாத காலத்துல, அந்த நாத்தைத் தலையில சுமந்து ஏறுனவன் யாருன்னு கேட்டுப் பாரு. முழிப்பான்.

இந்தக் கேள்வியில தேறுனவரு கென்னத் ஆண்டர்சன். 1910ல பொறந்து 1974ல செத்த பெங்களூருக்காரரு. விமான ஃபேக்டரியில உத்தியோகம், லீவு கெடைச்சா காடு. அவரோட மொத புக்கு 'நைன் மேன் ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்' 1954ல வந்துச்சு. நீ என்னமோ ஆப்பிரிக்கா, அமேசான்னு தேடற. அந்தாளு சுத்துனது நம்ம பழைய சேலம் ஜில்லாவை. ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம், சின்னாறு எல்லாம் அப்ப சேலந்தான். 1965லதான் தருமபுரின்னு தனியா பிரிச்சாங்க. ஜவளகிரியில ஆளடிச்ச பெண்புலியை ஆம்பளைப் புலி மாதிரி கத்தி வரவழைச்சு சுட்டதா எழுதியிருக்காரு. நீ அதைக் கத்திப் பாக்காத. புலி வராது, ரூம் குடுத்தவன் வருவான்.

அதுல பைரான்னு ஒரு பூசாரி. சின்னாத்தங்கரையில குடும்பம். அப்புறம் பென்னாகரத்துப் பக்கம் ரங்கான்னு ஒருத்தன். ரெண்டு பேரும் திருட்டு வேட்டைக்காரனுங்க, காட்டிலாகா கண்ணுல மண்ணைத் தூவறதுல கெட்டிக்காரனுங்க. ஆண்டர்சன் அவனுங்களை உத்தமனாக்கல. பேரு போட்டு, பொண்டாட்டி புள்ளையைச் சொல்லி, காட்டைக் காட்டிக் குடுத்ததே பைராதான்னு ஒத்துக்கறாரு. அவனுக்குன்னு ஒரு அத்தியாயமே வெச்சிருக்காரு. புலி நீளத்தை நீ கொஞ்சம் கொறைச்சுப் படிச்சுக்க. வேட்டைக்காரன் சொன்னதை முழுசா நம்பறவனும், மாமியா வீட்டு வரவேற்பை முழுசா நம்பறவனும் ஒண்ணு.

நீளம்னதும் ஞாபகம் வருது. எதுக்கால தெரியற கொல்லிமலை வல்வில் ஓரியைப் பத்தி வன்பரணர் புறநானூத்துல பாடியிருக்காரு. ஒரே அம்பு: யானை, புலி, மான், பன்னி, கடைசியா புத்துல கெடந்த உடும்பு. அஞ்சும் விழுந்துச்சாம். ஆண்டர்சன் ஒரு புலிக்கு ராத்திரி பூரா மரத்து மேல குந்தியிருப்பாரு பாவம். புளுகுறதுலயும் நம்ம ஆளு ரெண்டாயிரம் வருசம் முன்னால நிக்கறான்.

ஜிம் கார்பெட் தெரியாதுன்னு சொல்லாத. 'மேன் ஈட்டர்ஸ் ஆஃப் குமாவுன்' 1944. எல்லாரும் அதையே தூக்கிட்டு அலையறாங்க. எனக்கு 1952ல வந்த 'மை இந்தியா' பெருசு. மொகாமா காட்ங்கற ஊருல கங்கைக்கரையில ரயில் சரக்கு மாத்தற வேலையில இருந்தப்ப கூட ஒழைச்சவங்க கதை அதுல இருக்குது. அங்க சமாரின்னு ஒருத்தன், தாழ்த்தப்பட்ட சாதிக்காரன், சுமை தூக்கறவங்களுக்குத் தலைவனானவன். அவன் சாவைப் படிச்சுட்டு அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல. எங்கூட்டுக்காரி, கொழம்பு நல்லால்லையான்னு சண்டைக்கு வந்துட்டா.

சண்டைப் புக்கு வேணுங்கற. இதே நெலந்தான் எல்லை. தருமபுரிக்கு அப்பப் பேரு தகடூர். அதியமானோட அந்தக் கோட்டையைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை புடிச்ச கதைக்குத் 'தகடூர் யாத்திரை'ன்னு ஒரு நூலே இருந்துச்சு. காலம் தின்னது போக சில பாட்டு மிச்சம். 1792ல திப்பு தோத்தப்ப சேலமும் பாரமகாலும் கம்பெனிக்குப் போச்சு. அலெக்சாண்டர் ரீட் கலெக்டரா வந்து ஒக்காந்தாரு. அதெல்லாம் ரிச்சர்ட்ஸ் 1918ல எழுதுன சேலம் கெஜட்டியர்ல இருக்குது. தூக்கம் வரலைன்னா படி. தூக்கம் வந்துட்டா தலைக்கு வெச்சுக்க.

அதைவிட ஒண்ணு சொல்றேன். அரூர் தாண்டிச் செங்கம் பக்கம் போனா வயக்காட்டுல நடுகல்லா நிக்கும். அந்த எழுத்தையெல்லாம் இரா. நாகசாமி 'செங்கம் நடுகற்கள்'னு 1972ல பதிப்பிச்சாரு. எடுத்தனூர்ல ஒரு கல்லு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. மாடு புடிக்க வந்த சண்டையில கருந்தேவக்கத்தின்னு ஒருத்தன் செத்தான். அவன் நாயி, பேரு கோவிவன், ரெண்டு கள்ளனைக் கடிச்சு அங்கயே காவல் நின்னுச்சு. ஆளோட உருவத்துக்குப் பக்கத்துலயே நாயையும் செதுக்கி, அதும் பேரையும் வெட்டி வெச்சிருக்கான். நாய்க்கே பேரு போட்ட ஊரு கண்ணு இது.

அப்பிடிப்பட்ட ஊரு ஜனத்தோட பேரு காணாம போனது சயாம் ரயில்ல. கங்காணி கூட்டிட்டுப் போன ஜனத்துல நம்ம சேலத்து ஆளுங்களும் உண்டு, மலாயா ரப்பர்த் தோட்டத்துக்கு. 1942, 43ல சப்பான்காரன் அவங்களைத் தோட்டத்துல இருந்து அள்ளிட்டுப் போயி, சயாமுல இருந்து பர்மா வரைக்கும் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட வெச்சான். காலரா, பட்டினி, அடி. செத்தவங்களைக் குழியில தள்ளி மூடிட்டு மறுநாளு அடுத்த கட்டையைப் போட்டாங்க. 1957ல வந்த 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படம் பாத்திருப்ப, சிப்பாயிங்க சீட்டி அடிச்சுகிட்டே வருவாங்க. நல்ல படம், நம்ம ஜனத்தை மட்டும் தேடாத. மலேசியாக்காரரு ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்'னு நாவல் எழுதினாரு. அதைப் படி. சீட்டிச் சத்தம் அப்புறம் காதுல வேற மாதிரி கேக்கும்.

கூடவே ப. சிங்காரம். சிங்கம்புணரியில பொறந்து, சின்ன வயசுல சுமத்ராவுல இருக்கற மேடானுக்குப் பொழைக்கப் போயி, யுத்தத்தைக் கண்ணால பாத்தவரு. 'புயலிலே ஒரு தோணி' 1972ல வந்துச்சு. சப்பான் பட்டாளம் மேடானுக்குள்ள வர்றதுல ஆரம்பிக்கும். வட்டிக்கடையில கணக்கெழுதுன பாண்டியன் துப்பாக்கி தூக்கறான். சண்டைக்கு நடுவுல மதுரைத் தெருவும் வந்துடும், இட்டிலி வாசமும் வந்துடும். முடிவை நான் சொல்ல மாட்டேன். கடைசிப் பக்கத்தை மொதல்ல புரட்டற பழக்கம் உனக்கு உண்டு, தெரியும்.

காட்டுல வாழறவங்க பாடு தெரியணும்னா கொல்லிமலையை வெச்சு கு. சின்னப்பபாரதி எழுதுன 'சங்கம்', சத்தியமங்கலத்தை வெச்சு ச. பாலமுருகன் எழுதுன 'சோளகர் தொட்டி'. ரெண்டாவதை ராத்திரியில படிக்காத. அதுல பயமுறுத்தறது புலி இல்ல, காக்கி.

சிங்காரத்தை எடுத்துக்க, அந்தப் பலகை மேல இருக்குது. அட்டையை மடிச்சின்னா உங்க அப்பனுக்குப் போன் போட்டுருவேன். நேரா ரூமுக்குப் போ. குறுக்கு வழின்னு காப்பிக் காட்டுக்குள்ள நுழையாத, பொழுது சாஞ்சா காட்டெருமை நிக்கும். அது ஒரு புக்கும் படிச்சதில்ல கண்ணு, நீ சாகசக்காரன்னு அதுக்குத் தெரியாது.