செங்கல் இல்லாமல் கட்டிய பிள்ளைகள்

மண்டகப்பட்டுக் குடைவரையில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை; ஆனாலும் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்துவிட்டேன் என்கிறான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம் அது. அதுவரை கோயில் கட்டுகிறவர்கள் கையில் இருந்த அத்தனையையும் கீழே போட்டுவிட்டு, வெறும் பாறைக்கு முன்னால் போய் நிற்பது லேசான காரியமா? விசித்திரசித்தன் என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்ட ஆளால்தான் அது முடியும்.

இந்தக் காலத்து அப்பா அம்மாவிடம் கேட்பதும் இதையேதான். அடி கூடாது. திட்டு கூடாது. பூச்சாண்டி கூடாது. “சாப்பிட்டா சாக்லேட்” என்கிற லஞ்சமும் கூடாது. நான்கும் இல்லாமல் அன்பான, மனசு நோகாத பிள்ளையை வளர்த்துக் காட்டு என்கிறார்கள். உலோகம் இல்லை என்று எழுதிய மகேந்திரனுக்காவது உளி இருந்தது.

என் அம்மா, அதாவது பிள்ளைகளின் ஆயா, இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. “இன்னாடா புதுசா பேசிகினு. உன்ன அடிச்சித்தான் வளத்தேன். நீ நல்லா இல்லியா?” என்று கேட்டாள். பிறகு என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். அந்த வாதத்தை அதோடு விட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடத்திலும் இப்போது பிரம்புக்கு வேலை இல்லை. “கண்ண மட்டும் உட்டுட்டு தோல உரிச்சிடுங்க வாத்தியாரே” என்று பிள்ளையை ஒப்படைத்த தலைமுறை எங்கள் வீட்டுத் திண்ணையில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பிள்ளையை அடிப்பதையும் மனரீதியாக வதைப்பதையும் தடை செய்துவிட்டது. வீட்டுக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது. எங்கள் வீட்டில் அந்தப் பிரிவு என் மனைவி.

அவள் படிக்கிறவள். குஜராத்தில் வக்கீலாக இருந்து, மகன் பிறந்தபின் மாண்டிசோரியைப் படித்துவிட்டுக் கல்வியின் பக்கம் வந்த கிஜுபாய் பதேக்காவை, “மீசை வைத்த அம்மா” என்று அந்த ஊர்க்காரர்கள் அழைத்தார்களாம். 1920இல் பாவ்நகரில் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கியவர். அவருடைய ‘பகல் கனவு’ நூலைப் படித்து முடித்த கையோடு என் மனைவி என் மீசையைப் பார்த்தாள். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் இரண்டு பிள்ளைகளும் என் பொறுப்பு.

பிள்ளைகளை அழைத்துப் போகச் செலவில்லாத இடம் அந்த மண்டகப்பட்டுக் குடைவரைதான். வாசலின் இரு பக்கமும் இரண்டு பெரிய வாயிற்காவலர்கள். உள்ளே மூன்று கருவறைகள். மூன்றிலும் இப்போது சாமி இல்லை. “ஏம்பா காலியா இருக்கு?” என்று மூத்தவன் கேட்பான், அப்படியே மகேந்திரன் கதை வரை பேசலாம் என்று நான் நினைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. “நடு ரூம் எனக்கு” என்றான். “எனக்குத்தான் நடு ரூம்” என்றாள் சின்னவள். மும்மூர்த்திகளுக்கும் தனித்தனி அறை கொடுத்த ராஜாவுக்கு வீட்டில் அனுபவம் இருந்திருக்கிறது.

இந்த மாதிரிச் சண்டைக்கு நான் நம்பும் புத்தகமும் மகேந்திரன் எழுதியதுதான். மத்தவிலாசப் பிரகசனம். சமஸ்கிருத நாடகம், கதை நடப்பது காஞ்சியில். உடம்பெல்லாம் சாம்பல், கையில் மண்டையோடு, வாயில் கள் நாற்றம். சோறு தின்னாத பிள்ளைக்கு நம் வீடுகளில் யாரைக் கூப்பிடுவோமோ அந்தப் பூச்சாண்டியேதான் கதாநாயகனான கபாலி. மற்றவர்கள் காட்டி மிரட்டுகிற ஆளை மகேந்திரன் மேடையில் ஏற்றிச் சிரிக்க வைத்தான். கபாலியின் மண்டையோடு காணாமல் போகிறது. எதிரே வந்த புத்த பிக்கு மேல் பழி விழுகிறது. அவரும் தன் பாத்திரத்தை ஆடைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு நடந்தால் சந்தேகம் வராதா? என்னுது, இல்ல என்னுது. பஞ்சாயத்துக்கு வந்த பாசுபதராலும் தீர்க்க முடியவில்லை. கடைசியில் பார்த்தால் மண்டையோட்டைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். நாயிடமிருந்து அது ஒரு பைத்தியக்காரன் கைக்கு வந்திருக்கிறது. கபாலியும் பிக்குவும் சமாதானமாகிவிடுகிறார்கள்.

மூத்தவனின் வாசனை ரப்பர் தொலைந்தபோது எங்கள் வீட்டில் அப்படியே இந்த நாடகம் நடந்தது. பழி தங்கை மேல். பாசுபதர் வேடம் எனக்கு. “அவ எடுத்ததை நீ பாத்தியா?” “பாக்கல. ஆனா அவ மூஞ்சி எடுத்த மூஞ்சி.” ஒரு மணி நேரம் கழித்து ரப்பர் ஆயாவின் சுருக்குப் பையில் கிடைத்தது. “மிட்டாய்னு நெனச்சி எடுத்து வச்சேன்டா, கடிச்சாதான் தெரிஞ்சுது” என்றாள். ரப்பரில் பல் பட்ட தடம் இருந்தது. அண்ணனும் தங்கையும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பு பற்றிய சொற்பொழிவு தயாராகவே இருக்கிறது.

கேரளத்துச் சில கோயில்களில் பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் மத்தவிலாசக் கூத்தை நேர்ந்துகொண்டு நடத்துவது உண்டு. பிள்ளை கேட்பதற்கு ஒரு நகைச்சுவை நாடகம்! வேண்டிக்கொண்டவர்களுக்குப் பின்னால் வரப்போவது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

அன்பான பிள்ளையை வளர்ப்பதில் உள்ள நிஜமான ஆபத்து, பிள்ளை அன்பாக ஆகிவிடுவது. ஆயா வளர்த்த சேவலுக்குச் சின்னவள் ராஜா என்று பெயர் வைத்தாள். திண்டிவனத்திலிருந்து என் மச்சான் விருந்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, கூடைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள். “ராஜாவுக்கு வலிக்கும்ல?” உயிர்களிடம் அன்பு காட்டு என்று மூன்று வருஷமாகச் சொன்னது நாங்கள்தான். மாமாவுக்கு அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. அடுத்த வாரம் கடையிலிருந்து கறிக்கோழி வாங்கி வந்தோம். இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றாள். “ராஜா?” என்று கேட்டேன். “இதுக்குப் பேரே இல்லியேப்பா” என்றாள். பெரியவர்களின் நியாயமும் ஏறக்குறைய இதுதான் என்பதால் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் இந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லிக் கொடுக்கும் வேலை. பிள்ளை கோபப்பட்டால், “உனக்குக் கோவமா இருக்கு, இல்ல?” என்று நிதானமாகக் கேட்கச் சொல்கிறார்கள். கேட்டேன். “ஆமா. அது எனக்கே தெரியும். மல்லாட்டை எங்க?” என்றான் மூத்தவன். அவித்த மல்லாட்டையைத் தங்கை முடித்து வைத்திருந்தாள். ஆனாலும் பாடம் எங்கேயோ இறங்கியிருக்கிறது. சீரியல் முன்னால் மூக்கைச் சிந்திய ஆயாவின் தோளில் கை வைத்து, “அழணும்னா அழு ஆயா, தப்பில்ல” என்றான் ஒருநாள். “நான் எங்கடா அழுவறேன், அதுக்குள்ள வெளம்பரம் போட்டுட்டான்” என்றாள் அவள். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவனை யாரும் அடிக்கக் கூடாது என்பது ஆயாவின் சட்டம்.

இத்தனைக்குப் பிறகும் பிள்ளை நாம் நினைத்தபடி வருமா? மகேந்திரனையே பாருங்கள். நாடகம் எழுதிய, பாறையில் கலை வளர்த்த அப்பனுக்குப் பிறந்த மகன் மாமல்லன், மல்யுத்தத்தில் பெயர் வாங்கியவன். அப்பாவை வந்து அடித்த இரண்டாம் புலிகேசியைத் திருப்பி அடிப்பதற்காகக் காஞ்சியிலிருந்து வாதாபி வரை படையோடு போய், 642இல் ஊரையே பிடித்தான். பாசமுள்ள பிள்ளைதான். நிதானமான பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் படையை நடத்தியதாகப் பெரியபுராணம் சொல்லும் பரஞ்சோதியின் பிள்ளை வளர்ப்பைப் பற்றி, புராணம் படித்தவர்கள் முன்னால் நான் பேசப் போவதில்லை.

ஆகவே பெற்றவர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவன் கையில் ஸ்கேலோடு தங்கையின் வாதாபிக்குக் கிளம்பினால், கோபத்துக்குப் பெயர் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் அவன் சாப்பிட்டானா என்று கேளுங்கள். பாதிப் படையெடுப்பு பசியில்தான் கிளம்புகிறது.