குழாயடிப் படிப்பு

வீடு வாங்குமுன் கொத்து, குழாய், கரண்டு ஆகிய மூன்று வேலைகளையும் கையால் செய்து பழக வேண்டும். வாங்கத்தக்க வீடு எது என்பது இவற்றின் முடிவில் விளங்கும்.

கொத்துவேலைக்குத் தூக்குக்குண்டு, ரசமட்டம், ஒரு ரூபாய் நாணயம் போதும். நாணயத்தால் சுவரைத் தட்டும்போது ‘பொத்’தென்று கேட்கும் இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது என்று பொருள். திருப்பூர்க்காரருக்கு இது கடினமாக இருக்கக் கூடாது. 100 சதுர சென்டிமீட்டருக்குத் துணியை வட்டமாக வெட்டி, எடைபோட்டு, நூறால் பெருக்கி ஜிஎஸ்எம் சொல்கிற ஊர் இது. டி-சர்ட்டின் நெஞ்சளவு இரண்டு சென்டிமீட்டர் கூடினால் பீஸை ரிஜெக்ட் செய்கிற அதே மனிதர், வீடு பார்க்கப் போனால் மொட்டைமாடியில் காற்று நன்றாக வருகிறது என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் ஏன் புதுப் பெயின்ட் என்று கேட்பதில்லை. பெயின்ட்டுக்குப் பின்னால் ஓதம். அடுத்த மழைக்கு உப்புப் பூக்கும்.

குழாய்வேலையில் முதல் பாடம் டெஃப்லான் டேப். மரை ஏறும் திசையிலேயே வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் இறுக்க இறுக்க அவிழும். திருப்பூரில் டேப்புக்குப் பதில் பனியன் வேஸ்ட். சிங்க்குக்கு அடியில் பனியன் வேஸ்ட், கீசர் குழாயில் பனியன் வேஸ்ட், ஆடும் ஜன்னலுக்கு முட்டுக்கொடுக்கவும் பனியன் வேஸ்ட். அது நீரை நிறுத்தாது, குடிக்கும். காட்டன் ஆகையால் நிறையவே குடிக்கும். குடித்ததை நள்ளிரவில் அரிசி டப்பாமேல் கக்கும். வகைகளும் உண்டு. சிங்கிள் ஜெர்சி ஓரம் சுருண்டு நழுவிவிடும். ரிப் இழுவை உள்ளது, குழாயைக் கவ்விப் பிடிக்கும். இன்டர்லாக் மரியாதையாக உட்காரும், ஆனால் கசியும். ஃப்ளீஸ் மூன்று நாள் தாங்கும். கடைசியாக அவிழ்த்த உருண்டைக்குள் கழுத்து லேபிளும் இருந்தது: ஏற்றுமதித் தரம். அதைக் கட்டிவிட்டுப் போன பிளம்பர் செவ்வாய்க்கிழமையிலிருந்து “வந்துட்டே இருக்கேனுங்ணா” என்கிறார். இன்று சனி.

கரண்டு வேலையில் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

முறையாகக் கற்க விரும்புவோருக்கு ஐடிஐயில் பிளம்பர் படிப்பு ஓராண்டு, எலக்ட்ரீஷியன் இரண்டாண்டு. அதுவரை பல்லடம் ரோட்டில் சென்ட் விலை காத்திருக்காது. சிங்க்கும் காத்திருக்காது, அதற்கு இப்போதைக்கு அரை கிலோ போதும், ஃப்ளீஸாகப் பார்த்து.