எற்பாடு முதல் மாலை வரை: கோடியக்கரைக் கரைநடையில் திணைமயக்கம் – ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிற குடும்பங்கள், வெயில் தாழ்ந்ததும் தண்ணீர் தெரிகிற ஏதோ ஓரிடத்தில் வண்டியை ஓரங்கட்டி, "சும்மா கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்" என்று இறங்குகின்றன. கொக்கு, மான், நண்டு என்று எது கண்ணில் பட்டாலும் கைநீட்டிக் காட்டுகின்றன. பிறகு ஏறிப் போய்விடுகின்றன. இதைப் பற்றித் தமிழில் இன்றுவரை ஆய்வு இல்லை. ஆய்வதற்கு இதில் ஒன்றுமில்லை என்பதே காரணம் என்பர். அந்தக் காரணம் வேறெந்த ஆய்வையும் தடுத்ததாகத் தெரியவில்லை என்பதால் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முன்னோடி ஆய்வுகள்

இல்லை. (இந்த ஒரு சொல்லை முப்பது பக்கத்துக்கு விரித்துத் தருமாறு நெறியாளர் கேட்டிருக்கிறார்.)

களம்

சென்னையிலிருந்து தெற்கே இறங்கி வரும் கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே நின்றால் வங்காள விரிகுடா, தெற்கே நின்றால் பாக் நீரிணை. இங்குள்ள சரணாலயம் 1967இல் வெளிமானுக்காக ஏற்பட்டது. 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் முதலில் ஏறிய இடம் இதுதான்.

களத்தின் வரலாறு என்று ஒரு பத்தி இருந்தாக வேண்டும், அதற்கும் ஆய்வுப் பொருளுக்கும் தொடர்பு இருக்கலாகாது என்பது மரபு. ஆகவே: 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்தே வேதாரண்யம் வந்து உப்புச் சட்டத்தை மீறினார்கள். அந்த வட்டாரத்து உப்பளப் பாத்திகளில் இப்போது பூநாரைகள் இரை தேடுகின்றன என்பதால், தொடர்பு ஒன்று எதிர்பாராமல் நேர்ந்துவிட்டது. பொறுத்தருள்க.

ஆய்வுக் குழு: மாமா (ஓட்டுநர்), அவர் தங்கையாகிய என் சித்தி, மாமா மகனாகிய மச்சான் (பைனாகுலர்), நான் (குறிப்பேடு). பருவம் தை.

காண்போர் வகைப்பாடு

பூநாரை கிட்டத்தில் நிற்பதில்லை. தொலைவில், தண்ணீரும் வானமும் ஒட்டுகிற இடத்தில், வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டை வைத்து மனிதரை மூவகையாகப் பிரிக்கலாம்: கண்டவர், கண்டதாகச் சொன்னவர், ஊர் திரும்பியபின் காணவிருப்பவர்.

"அதோ பாருங்கப்பா!"

"எங்கடா?"

"அந்தக் கம்பத்துக்கு இடப்பக்கம்."

"எந்தக் கம்பம்? ... ம்ம்ம்ம். பாத்துட்டேன், பாத்துட்டேன்." (மாமா, நின்ற நிலை உரைகள், கோடியக்கரை.)

மேற்படி 'ம்' ஆய்வுக்குரியது. உண்மையில் பறவையைக் கண்டவரிடம் அது மகரக்குறுக்கமாய்க் கால் மாத்திரையில் தேய்ந்துவிடுகிறது. கண்ணும் வாயும் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடிவதில்லை. காணாதவரிடம் அது அளபெடுத்து மூன்று மாத்திரைக்கும் மேல் ஓடுகிறது. ஒற்று இத்தனை தூரம் அளபெடுக்க இலக்கணத்தில் இடமில்லை. மாமாவிடம் இருக்கிறது.

நான்காம் வகை ஒன்றும் உண்டு. கோடியக்கரைக்குப் பறவை பார்க்க அல்லாமல் பூங்குழலியைப் பார்க்க வருவோர். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்த காலந்தொட்டு இவ்வினம் பெருகி வந்திருக்கிறது. திரைப்படத்துக்குப் பின் கட்டுக்கடங்கவில்லை. சித்தி இவ்வகை. மானுக்கும் நாரைக்கும் முதுகு காட்டி நின்று, "ஏண்ணே, பூங்குழலி எந்தப் பக்கமா படகை விட்டிருப்பா?" என்றாள். மாமா ஒரு நொடிகூடத் தயங்காமல் கைகாட்டினார். (மாமா, வரலாற்றுப் பொழிவுகள், முதற்பதிப்பு. அரைமணி கழித்து நேரெதிர்த் திசையைக் காட்டிய திருத்திய பதிப்பும் உண்டு; இரண்டிலும் முன்னுரை ஒன்றே.)

பூநாரை பற்றிச் சிறு குறிப்பு

இப்பறவை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, சேற்றைச் சலித்து நுண்பாசியும் சிற்றிறாலும் தின்கிறது. அதன் சிவப்பு அதனுடையதன்று. தின்ற தீனியில் இருக்கும் நிறமியே இறகில் ஏறித் தெரிகிறது. பிறர் சரக்கைச் சலித்தெடுத்து உட்கொண்டு, அந்நிறத்தைத் தன் நிறமாகக் காட்டி, ஒற்றைக் காலில் கம்பீரமாக நிற்கும் இவ்வழக்கம் பறவையினத்தில் அரிது. பல்கலைக்கழக வளாகங்களில் அவ்வளவு அரிதன்று.

திணைச் சிக்கல்

இனி, ஆய்வின் உயிர்நிலைக்கு வருவோம். நாளை ஆறு சிறுபொழுதாக, ஒவ்வொன்றும் பத்து நாழிகையாக நம் முன்னோர் பகுத்தனர். பிற்பகல் இரண்டு முதல் ஆறு வரை எற்பாடு. அது நெய்தலுக்கு உரியது. ஆறு முதல் இரவு பத்து வரை மாலை. அது முல்லைக்கு உரியது. நாங்கள் கரையில் இறங்கும்போது மணி ஐந்து. அதாவது நெய்தல் நிலத்தில் நடக்கத் தொடங்கினோம். மணி ஆறு அடித்தால், நின்ற இடத்திலேயே, அதே மணல் அதே செருப்புக்குள் நறநறக்க, முல்லை நிலத்துக்கு வந்துவிடுவோம். கால் பெயராமல் திணை பெயரும் இந்நிகழ்வுக்கு 'ஆறுமணிப் பெயர்ச்சி' என்று பெயரிடுகிறேன்.

சிக்கல் ஐந்து நாற்பதுக்கு வந்தது. காட்டோரப் புல்வெளியிலிருந்து ஒரு கலைமான் வெளிப்பட்டது. கருத்த முதுகு, வெள்ளை வயிறு, திருகிய கொம்பு. பின்னால் மண்நிறப் பிணைகள். மான் முல்லையின் கருப்பொருள். முல்லை தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. பிழை யாருடையது: மானுடையதா, கடிகாரத்துடையதா, தொல்காப்பியருடையதா?

முதல் தரப்பு, மான் மீதே குற்றம் சாட்டுகிறது. "அதுக்கு என்னப்பா தெரியும், மிருகம்." (மாமா, மேற்படி.)

இரண்டாம் தரப்பைச் சேர்ந்தவன் மச்சான். அவன் சொன்னது: நம் கைபேசி காட்டுவது இந்திய நேரம். அது கிழக்கு 82½ பாகைத் தீர்க்கரேகைக்குக் கணித்தது. கோடியக்கரை 80 பாகைக்கும் சற்று மேற்கே இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம். ஆக இங்கே சூரியன் கைபேசிக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் பின்தங்கி வருகிறது. கணக்கு சரி. ஆனால் விளைவைப் பாருங்கள்: இருபது நிமிடம் முந்திய மான், இப்போது அரைமணி முந்திவிட்டது! சிக்கலைத் தீர்க்க வந்த திருத்தம் சிக்கலை வளர்ப்பதே அறிவியல் அணுகுமுறை என்பதை இதனால் அறிகிறோம். (மச்சான், ஜிபிஎஸ் ஆதாரம், பேட்டரி ஒன்பது விழுக்காட்டில் எடுத்த படி, ஏழு விழுக்காட்டில் ஒளி மங்கியதால் சில இலக்கங்கள் ஊகம், மூலக் கைபேசி காரில் சார்ஜில் உள்ளது, விரும்புவோர் கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியே ஒப்புநோக்கலாம்.)

மூன்றாம் தரப்பு தொல்காப்பியரைத் துணைக்கழைக்கிறது. திணைகள் தம்முள் மயங்கலாம், பொழுதும் கருப்பொருளும் இடம் மாறி வரலாம், ஆனால் நிலம் இரண்டும் ஒருங்கே மயங்கல் இல்லை என்பது அவர் கொள்கை. அவர் கோடியக்கரைக்கு வந்ததில்லை போலும். இங்கே உலர் பசுமைக்காடு கடற்கரை வரை வந்து நிற்கிறது. அதன் ஓரத்தில் புல்வெளி, புல்வெளிக்கு அப்பால் சேறும் உப்புமாகிய சதுப்பு, சதுப்புக்கு அப்பால் கடல். மான் நிற்கும் புல்லுக்கும் கடற்காகம் பறக்கும் நீருக்கும் நடுவே ஒரு வேலிகூட இல்லை. எந்த இடத்தில் முல்லை முடிந்து நெய்தல் தொடங்குகிறது என்று காட்டும் கல்லை நாட்டும் பொறுப்பு வருவாய்த் துறையினதா, தமிழ்த் துறையினதா என்பது தனி ஆய்வுக்கு உரியது.

இந்நிலையில் குதிரைகள் வந்து குட்டையைக் குழப்பின. கோடியக்கரையில் மட்டக்குதிரைகள் காட்டு விலங்குகளாகவே திரிகின்றன. ஒரு காலத்தில் மனிதரிடம் இருந்து, பின்னர் காடேறியவற்றின் வழிவந்தவை. ஐந்திணைக் கருப்பொருள் பட்டியலில் குதிரைக்கு இடமில்லை. எனினும், காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. கடலில் வந்தது நெய்தல் பொருளே என்று கொண்டால், இவை அக்கப்பலில் வந்து, துறைமுகம் வந்தபோது தூங்கிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கியவற்றின் வழித்தோன்றல்கள் ஆகின்றன. இம்முடிவுக்குச் சான்று இல்லை. சான்றுகள் கடல்கோளில் அழிந்தன என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் முடிவு நிலைபெற்றுவிடும். இவ்வரியின் துணையால் இதைவிடப் பெரிய முடிவுகள் எல்லாம் பல பதிப்புகள் கண்டிருக்கின்றன.

கள உரையாளர் ஒருவரின் கருத்தையும் மறைக்காமல் பதிவு செய்வது நேர்மை. கரைக்கு வரும் வழியில் தேநீர்க்கடைப் பெஞ்சில் இருந்த பெரியவரிடம், திரும்பும்போது சிக்கலை எடுத்துரைத்தேன். "வெயில் தாழ்ந்தா மான் மேய வரும் தம்பி. வந்துச்சு. நீங்க ஏன் அதுங்கிட்ட மணி கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார். (பெரியவர், தேநீர்க்கடை ஏடு, இடப்பெஞ்சு, இரண்டாம் தேநீர்க்கும் மூன்றாம் தேநீர்க்கும் இடைப்பட்ட பகுதி, ஏட்டின் வலது ஓரம் வடை எண்ணெயால் சிதைந்தது, 'நீங்க' என்பதை அடுத்து ஒரு சொல் விடுபட்டுள்ளது, அதைப் பதிப்பாசிரியர் 'அறிஞர்கள்' என்று ஊகித்து நிரப்பினார், அருகிருந்த மாஸ்டர் அது வேறு சொல் என்கிறார், அச்சொல்லை அச்சிட இயலாது.) பெரியவரின் பெஞ்சுக்கு ஐஎஸ்எஸ்என் எண் இல்லாமையால் இக்கருத்து கணக்கில் கொள்ளப்படவில்லை.

உரிப்பொருள்

நிலமும் பொழுதும் கருப்பொருளும் கைவிட்ட இடத்தில் உரிப்பொருள் கைகொடுத்தது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல், முல்லையின் உரிப்பொருள் இருத்தல். ஆறு மணிக்குச் சரியாகப் பத்து நிமிடம் முன்பு சித்தியின் வலது செருப்பு சதுப்பில் புதைந்தது. இழுக்க இழுக்க உள்ளே போயிற்று. வார் மட்டும் கையில் வந்தது. "புதுசுண்ணே! தீபாவளிக்கு எடுத்தது, இன்னும் நாலு தடவைகூடப் போடலை!" என்று சித்தி கடலை நோக்கிச் சொன்ன சொற்களில் இரங்கலும் இரங்கல் நிமித்தமும் ஐயமற விளங்கின. ஆறு மணி ஆனது. மாமா மணலில் உட்கார்ந்தார். எழவில்லை. "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றார். இருத்தல். நிமித்தம், முழங்கால்.

ஆறுமணிப் பெயர்ச்சி இவ்வாறு நிறுவப்பட்டது. 'எழுந்திரிங்க சார், இருட்டுறதுக்குள்ள வெளிய போகணும்' என்று வனக்காவலர் வந்து மாமாவைக் கிளப்பியதை, இருத்தலுக்குப் பின் வரும் பிரிதல் எனக் கொண்டு பாலைக்கும் இடமளிக்கலாம் என்று நெறியாளர் கருதுகிறார். அவர் பெயரும் கட்டுரையில் முதலாசிரியராக இடம்பெறுவதால் மறுக்க இயலவில்லை.

நண்டு

இருந்தன. நாங்கள் போனதும் வளைக்குள் போய்விட்டன.

தரவு இழப்பு

குறிப்பேட்டின் இரண்டு தாள்களும் ஒரு பொட்டலம் முறுக்கும் குரங்கால் கவரப்பட்டன. முறுக்கைத் தின்றபின் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு எறிந்தது. ஆய்வுத் துறையில் இதுவரை எனக்குக் கிடைத்த கருத்துரைகளில் முழுவதும் படித்துவிட்டுத் தரப்பட்டது இது ஒன்றே.

வாய்மொழித் தேர்வு

அன்றிரவே வேளாங்கண்ணி போகும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நடைபெற்றது. அகத்தேர்வாளர் மாமா, புறத்தேர்வாளர் சித்தி (வெறுங்காலுடன்). ஆய்வாளன் திணைமயக்கம் பற்றி விளக்கத் தொடங்கியபோது, நேரமின்மை கருதி அது வாசித்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டது. தேர்வாளர்கள் ஒரே கேள்வி கேட்டனர்: வறுவலா, குழம்பா? இரண்டும் என்று விடையிறுத்தேன். விடை நிறைவளிப்பதாக இருவரும் ஒருமனதாகக் குறிப்பெழுதிப் பட்டத்துக்குப் பரிந்துரைத்தனர். சித்திக்குப் புதுச் செருப்பு, மாமாவுக்கு ஒரு பீடா, மச்சானுக்கு இரண்டாம் முறை வறுவல் உட்பட, தேர்வுச் செலவு வழக்கம்போல் ஆய்வாளனுடையது.