முதல் வில் மீமாம்சை

அமெரிக்க வனங்களில் வெண்வால் மானை வில்லால் வேட்டையாடப் புகும் நடுத்தர வருமானக்காரர், தம் முதல் வில்லாக எதை வாங்குவது என்னும் பிரச்னை, துப்பாக்கி தோன்றிய அன்றே ஒழிந்திருக்க வேண்டியது. ஆனால் 1934-இல் விஸ்கான்ஸின் மாநிலம் வில்லாளிகளுக்கென்று தனியே ஒரு மான் வேட்டைப் பருவத்தை வகுக்க, பிற மாநிலங்களும் காலக்கிரமத்தில் அவ்வழியே செல்ல, அது புனர்ஜன்மம் எடுத்துப் பண்டிதர்களையும் கடைக்காரர்களையும் ஒருங்கே போஷித்து வருகிறது.

இதில் பிரதான மதங்கள் இரண்டு. நுனிகள் முன்னோக்கி வளைந்த பழைய ரிகர்வ் வில்லே உத்தமம், அதிலும் வில்லின் கைகளைக் கழற்றி மாட்டும் வகை விலையும் சொற்பம், தேகபலம் வளர வளர அக்கைகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது பூர்வபக்ஷம். மிசௌரிவாசியான ஹாலஸ் வில்பர் ஆலன் 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்டு வில்லின் இக்கால வடிவில், 70 பவுண்டு பாரத்தை இழுத்து முடித்ததும் அதில் நூற்றுக்கு 80 பங்கைக் கப்பிகளே ஏற்றுக்கொள்ள, வேடனுக்கு 14 பவுண்டே மிஞ்சுவதால், மான் பக்கவாட்டில் திரும்பும் வரை கை நடுங்காமல் காத்திருக்கலாம் என்பது உத்தரபக்ஷம். மாதக்கணக்கில் அப்பியாசம் செய்ய அவகாசமற்றவருக்குப் பின்னதே உசிதம் என்பது என் சித்தாந்தம். ஆயின் குறிபார்க்கும் கருவி, அம்பு தாங்கி, தூணி ஆகிய பரிவாரங்களைத் தனித்தனியே வாங்கினால், மலிவான வில் என்ற பேச்சே பரிகாசமாகிவிடுமாதலால், அவை பூட்டிய செட்டாகவே வாங்குதல் வேண்டும். அம்புக்கு எப்படியும் தனியே அழ வேண்டும்.

இனி, ஆண்மக்களின் அகங்காரம் முழுவதும் குடிகொண்டிருக்கும் ஸ்தானமாகிய இழுபாரத்துக்கு வருவோம். மானுக்கு 30 முதல் 40 பவுண்டு போதுமென்று பல மாநிலச் சட்டங்கள் திருப்தியடைந்திருக்க, கடைக்கு வருகிறவரோ, சட்டத்தைவிட மானிடம் அதிக மரியாதை உள்ளவர்போல, எழுபதுக்குக் குறைந்து பேசுவதில்லை. அவரை நாற்காலியில் அமர்த்தி, பாதங்களைத் தரையினின்று உயர்த்தச் சொல்லி, வில்லை வானத்துக்குக் காட்டாமல் நேரே நீட்டி நாணை இழுக்கச் செய்தால், முகம் சிவப்பதற்கு முன்பே உண்மை வெளிப்பட்டுவிடும். அந்தப் பரீக்ஷையில் அனாயாசமாக வந்த பாரம் எதுவோ அதுவே அவருக்குரியது. உடன் வந்த மைத்துனர் என்ன சொன்னாலும் சரி.

நாணை எவ்வளவு தூரம் இழுப்பது என்னும் இழுநீளத்துக்கு, விரித்த இரு கைகளின் அகலத்தை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுத்தால் போதும். 70 அங்குலக்காரருக்கு 28. பிறர் பயன்படுத்திய வில்லாயின் அதன் கைகள்மீது பஞ்சை உருட்டுக. எங்கேனும் பஞ்சு சிக்கினால் அங்கே கீறல் உண்டு. எவ்வில்லையும் அம்பின்றி நாணை இழுத்து விடலாகாது. அம்பு கொண்டுபோக வேண்டிய சக்தி வில்லுக்கே திரும்பி அதை உடைக்கும். ஜனகர் சபையில் வில்லை முறித்தவருக்குப் பெண் கொடுத்தார்கள். கடையில் முறித்தவரிடம் விலையைக் கேட்பார்கள்.

எஞ்சியது வில்லின்மேல் தீட்டிய இலை, சருகுச் சித்திரம். மானின் கண்ணுக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் பேதம் அவ்வளவாகத் தெரியாது, அசைவோ நன்றாகத் தெரியும் என்கிறது பிராணி சாஸ்திரம். ஆகவே அச்சித்திரம் பெரும்பாலும் வாங்குகிறவரின் கண்ணுக்காகவே தீட்டப்பட்டது என ஊகிக்க இடமுண்டு. அதற்கென்று கூடுதல் விலை கேட்டால் கறுப்பு வில்லையே எடுத்துக்கொண்டு, மீந்த தொகைக்கு அம்பு வாங்குக. முதல் வருஷத்தில் புதருக்குள் போய்த் தொலைவது அதுதான்.