ஆட்டுக்கல்லின் உஷ்ணம் குறித்து ஒரு விசாரணை

இட்லிக்கு மாவு ஆட்டும் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருவதும், பௌதிக நூலாசிரியர்களின் கவனத்துக்கு இதுகாறும் எட்டாததுமான ஒரு விதி உண்டு: மாவு சூடேறக் கூடாது. சூடேறினால் உளுந்து பொங்காது, புளிப்பு முந்திக்கொள்ளும் என்பது அவ்விதிக்குப் பாட்டிமார் அருளிய பாஷ்யம். ஆயினும் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்னும் வினாவில் அடுக்களைப் பண்டிதர்கள் ஒருமைப்பட்டாரில்லை. ஆட்டுபவரின் கைச்சூடே காரணம் என்பர் ஒரு சாரார். ஊறவைத்த நீரின் குற்றம் என்பர் மற்றொரு சாரார். கல்லின் ஜாதியையே பழிப்பவர்களும் உளர். இம்மூன்று பூர்வபக்ஷங்களையும் உரிய மரியாதையுடன் ஒதுக்கிவிட்டு, நமது சித்தாந்தத்துக்கு வேண்டிய பிரமாணத்தைச் சற்றுத் தொலைவில், ஜெர்மனியின் மூனிக் நகரத்து ஆயுதசாலையில் தேடுவோமாக.

உஷ்ணம் என்பது பொருள்களுக்குள் ஒளிந்து கிடக்கும் ஒருவகைத் திரவம் என்று கற்றோரும் நம்பியிருந்த அக்காலத்தில், அவ்வாயுதசாலையில் பீரங்கி துளையிடுவதை மேற்பார்வை செய்த ரம்ஃபோர்டு பிரபு, வேண்டுமென்றே ஒரு மழுங்கிய துளைக்கருவியை அமர்த்தி, பீரங்கியின் உலோகத்தை நீருக்குள் அமிழ்த்தி, குதிரைகளைக் கொண்டு சுற்றச் செய்தார். நெருப்பென்பதே இன்றி இரண்டரை மணி நேரத்தில் அந்நீர் கொதித்தது. குதிரைகள் சுற்றுமளவும் ஊற்றெடுத்துக்கொண்டே இருக்கும் ஒன்று திரவமாக இருக்க இயலாது, அது இயக்கத்தின் வடிவமே என்று 1798-ஆம் ஆண்டில் அவர் எழுதினார். மழுங்கிய கருவி என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கொத்தி நாளான ஆட்டுக்கல் வழுவழுவென்றாகிவிட்டால், அரிசி குழவிக்கு அகப்படாமல் வழுக்கிக்கொண்டு ஓட, சுற்று பெருகி, மாவு குறைந்து, சூடு மட்டும் ஏறுவதை ஆட்டியவர் அறிவர். தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வரும் கல் கொத்துபவர் உளியால் பொளிந்து தருவது, ரம்ஃபோர்டு வேண்டாமென்று விலக்கிய அதே கூர்மையைத்தான்.

எவ்வளவு உழைப்புக்கு எவ்வளவு உஷ்ணம் என்று கணக்கிட்டுச் சொன்னவர் இங்கிலாந்தின் ஸால்ஃபோர்டைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல். அவர் பீர் வடிக்கும் தொழிற்சாலைக் குடும்பத்தவர் என்பது நமது ஆராய்ச்சிக்குப் பெரிதும் உவப்பான செய்தி. நொதிக்கும் பண்டத்துக்கு உஷ்ணம் ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் என்ன நேரும் என்பது அத்தகைய வீடுகளிலும் இட்லி வீடுகளிலும் மட்டுமே முழுமையாக உணரப்பட்ட தத்துவமாகும். இறங்கும் எடைகளால் நீருக்குள் துடுப்புகளைச் சுழலவிட்டு, ஒரு பவுண்டு நீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடேற்ற 772 அடி-பவுண்டு உழைப்பு வேண்டும் என்று 1850-இல் அவர் நிர்ணயித்தார். குழியும் குழவியுமாக நம் கூடத்தில் கிடக்கும் கருவி அதே யந்திரம்தான். எடைகளின் ஸ்தானத்தில் இல்லத்தரசி இருக்கிறார் என்பதொன்றே பேதம்.

அவர் ஐம்பது வாட் வீதம் ஒரு மணி நேரம் ஆட்டுகிறார் என்று வைத்துக்கொண்டால் 1,80,000 ஜூல் சக்தி செலவாகிறது. இவ்வளவும் மூன்று கிலோ மாவிலேயே தங்கிவிடுமாயின் அது ஏறக்குறைய பதினேழு டிகிரி சூடேறி, மறுநாள் காலை குடும்பத்தில் மனஸ்தாபம் விளையும். அவ்விதம் நேராமல் காப்பது நாற்பது கிலோ கருங்கல். உஷ்ணத்தின் பெரும்பங்கை அது தானே வாங்கிக்கொள்வதால் கல்லும் மாவுமாகச் சேர்ந்து நாலு டிகிரி அளவே ஏறுகின்றன. மெல்லிய உலோகக் கிண்ணத்தில் அதிவேகமாகச் சுழலும் மிக்ஸிக்கு இந்தத் தியாக புத்தி இல்லாமையால் அதில் ஐஸ் நீர் வார்க்க வேண்டியிருக்கிறது. கோயம்புத்தூர் கிரைண்டரோ குழவியை நிறுத்திக் குழியைச் சுற்றவிட்டதேயன்றிக் கல்லைக் கைவிடவில்லை. அவ்வூராரின் விவேகத்தை மெச்சுகிறோம்.

இனி விசனத்துக்குரிய பகுதி. அரிசியை அரிசியினின்று பிளப்பதற்கென்று உண்மையில் செலவாகும் சக்தி மிகச் சொற்பம். தாதுக்கல் அரைக்கும் பெரிய ஆலைகளிலேயே புதிய பரப்பை உண்டாக்கப் பயன்படுவது சில விழுக்காடுதான். மற்றதெல்லாம் கல்லைச் சூடாக்கி, கல் கூடத்தைச் சூடாக்கி, கூடம் வானத்தைச் சூடாக்கி ஒழிகிறது. சக்தி அழியவில்லை என்று வெப்ப இயக்கவியலின் முதல் விதி ஆறுதல் கூறுமாயினும், அது திரும்பி வந்து குழவியைத் தள்ளப் போவதில்லை என்பது இரண்டாம் விதி. 1865-இல் பௌதிக அறிஞர் கிளாசியுஸ் என்ட்ரோபி எனப் பெயரிட்டது இவ்வகைத் திரும்பாமையின் அளவையே. ஐயமுள்ளவர்கள் குழவியை எதிர்ப்புறமாக ஒரு மணி நேரம் சுற்றிப் பார்க்கலாம். உளுந்து ஒருபுறமும் அரிசி ஒருபுறமுமாகப் பிரிந்து நில்லா, மாவு இன்னும் நைசாகும்.

எஞ்சியிருப்பது வரவு செலவு ஒன்றே. மனித தேகம் தான் உண்டதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாற்ற வல்லதன்று. ஆகவே மேற்சொன்ன ஒரு மணி நேர ஆட்டலுக்கு இருநூறு கிலோகலோரி அளவு வேண்டும். இட்லி ஒன்றுக்கு ஐம்பது வீதம் அது நான்கு இட்லி. அந்த நான்கையும் ஆட்டியவரின் பெயரில் முதலிலேயே எடுத்து வைத்தல் நியாயம் என்று இவ்விசாரணை தீர்மானிக்கிறது. ஆனால் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அவர் உட்காரும் வேளையில் தட்டில் இருப்பவை பெரும்பாலும் இரண்டே. அவற்றிலும் ஒன்று ஓரம் உடைந்தது.